கிழக்கு பார்த்த வீட்டுக்கு ஒரு செடி

பங்குனி கடைசி ஞாயிறு, காலை ஆறே முக்கால். நானும் என் மனைவி வசந்தாவும் சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் ஆட்டோ பிடித்தோம். பெரும்பாக்கம் நர்சரிக்கு ஒன்பது கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய். குன்னூரிலிருந்து இங்கே குடிவந்த இரண்டு வருடத்தில் மூன்று ரோஜாச் செடிகளைப் பறிகொடுத்தவள், "இன்னிக்கு வாங்கறதும் போச்சுன்னா இந்த வீட்ல இனி செடியே வேண்டாங்க" என்று சொல்லிவிட்டாள். அங்கே முப்பது வருடம் காலைக் காப்பியைச் செடிகளோடு குடித்தவள். செடியும் இல்லையென்றால் இந்த ஊரில் அவள் எப்படி ஒட்டுவாள் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

மேடவாக்கம் சிக்னலில் ஓட்டுநர் திரும்பினார். "செடி வாங்கவா சார்? எங்க வூட்ல துளசி ஒண்ணுதான் கீது. அதுக்குத் தண்ணி ஊத்தலன்னு டெய்லி பேஜாரு."

ஏழேகால். பச்சை வலைக்குக் கீழே நர்சரிக்கார அக்கா செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வசந்தா நேராக ரோஜா வரிசைக்குப் போய்விட்டாள்.

"வூடு எந்தப் பக்கம் பாத்துகினு கீது சார்?" என்று அக்கா கேட்டார்.

"கிழக்கு பார்த்த வீடும்மா. வாஸ்து பார்த்துத்தான் வாங்கினோம்" என்றேன் பெருமையாக.

"நான் வாஸ்துக்குக் கேக்கல சார், செடிக்குக் கேக்கறேன். தொட்டி வெக்கிற எடத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கு வெயில் கீதா?"

வாசலில் தொட்டி வைக்க இடமில்லை. தொட்டிகளெல்லாம் பின்பக்க மாடியில், மேற்கு வெயிலில் வேகின்றன. கிழக்கு பார்த்த வீடு என்ற நினைப்பிலேயே, காலை வெயில் போதும் என்கிற செடிகளாகப் பார்த்துப் பார்த்து வாங்கியவன் நான்தான் என்று அக்காவிடம் ஒப்புக்கொண்டேன்.

"என் கை ராசியில்லன்னு அழுதேனே, அதெல்லாம் வேஸ்ட்டா?" என்று ஒரு ரோஜாத் தொட்டியோடு வந்து நின்ற வசந்தா என்னை முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான் என்று சொன்னதும் அக்கா அந்த ரோஜாவை ஒதுக்கி வைத்தார். "உப்புத் தண்ணி. அக்னி நட்சத்திரம் தாண்டாதுக்கா. இத்த எடுத்துக்கோ."

காகிதப்பூ, அடர் சிவப்பு, நூற்றெண்பது ரூபாய்.

"மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி ஊத்துக்கா. பாசமா ஊத்திகினே இருந்தா இலைதான் வரும், பூ வராது."

எட்டரை மணிக்கு ஆட்டோவில் கிளம்பினோம். குன்னூரில் பனி பட்டுவிடக் கூடாதென்று செடிகளை மூடி வைப்போம். இங்கே கொளுத்துகிற வெயிலில் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டுமாம். முள் குத்தக் குத்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வசந்தா குன்னூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள்.

"ரோஜா வாங்கலடி. நம்ம ஊரு வெயிலுக்கு இதுதான் நிக்கும்."

தங்கை என்ன கேட்டாளோ.

"குன்னூர் இல்லடி, சிட்லபாக்கம்" என்றாள்.