உப்பில்லாத கட்லெட்

நாளைக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போகிறோம். கார் டிக்கியில் வைத்துச் சாப்பிட நான் மீன் கட்லெட் பொரிக்கிறேன். அந்த மணம் என்னைத் தொண்ணூறுகளின் ஒரு சனிக்கிழமைக்குக் கொண்டுபோகிறது.

அப்பாவுக்கு ஈஸ்ட் டாமாக்கி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் புது வேலை. கூட வேலை செய்தவர்கள் எங்களையும் பந்தயத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா விடிய எழும்பி அறுபது கட்லெட் பொரித்து, ஐஸ் பெட்டிக்குள் தேசிக்காய்த் தண்ணீரும் அடுக்கினா. ஆனால் அது தவக்காலம். பொழுதுபடும்வரை வாயில் ஒன்றும் வைக்காமல் ஒருசந்தி இருப்பா. அதனால் ருசி பார்க்கவில்லை.

திடலில் டிக்கியைத் திறந்ததும் முதல் கட்லெட்டை நான்தான் கடித்தேன். உப்பே இல்லை. சொல்ல வாயெடுக்கமுன், அடுத்ததைக் கடித்த அப்பா என் தோளை அமத்தினார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி ஏழு கட்லெட் சாப்பிட்டார். மற்றவர்கள் தக்காளி சோஸை ஊற்றி மிச்சத்தை முடித்தார்கள்.

அப்பா கண்ணை மூடி மூன்று வருடம். இப்போது, பக்கத்தில் கதிரையில் இருக்கும் அம்மாவிடம் கேட்டேன்.

“அம்மா, அண்டைக்குப் பந்தயத்துக்குக் கொண்டுபோன கட்லெட்டிலை உப்பில்லை, தெரியுமோ?”

“ஓம் பிள்ளை. வீட்டை வந்து பாத்தால், எடுத்து வைச்ச உப்பு கிண்ணத்திலை அப்பிடியே கிடக்குது. அந்த மனுசன் ஏழு திண்டவரெல்லோ, அதாலை நான் ஒண்டும் கதைக்கேல்லை.”