லவ்டேயின் வீட்டுக்கு மேலிருந்த மரங்கள்

எங்கள் கணவாய்க்கு வாட்லி என்ற நில அளவைக்காரரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த மனிதர் அதை ஒரே ஒருமுறைதான் கடந்தார், அதுவும் கழுதை மேல் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே. அவருக்கு எத்தனையோ தலைமுறை முன்பே யூட் என்ற பழங்குடி மக்கள் மான் வேட்டைக்கு நடந்து நடந்து போட்ட தடம் அது. பிறகு வெள்ளி கிடைக்கிறது என்று ஊர் உலகமெல்லாம் அந்த வழியாக வந்து விழுந்தது. அடிவாரத்தில் பட்டறை வைத்திருந்த எனக்கு லாடம் அடிக்கவே நேரம் போதவில்லை. பெயர் வைக்க ஆள் வேண்டுமென்றால் லவ்டே ட்ரெகியர் இருந்தாள். யாருக்குத் தோன்றியது?

லவ்டேயும் அவள் கணவன் ஜேபஸும் கடல் தாண்டி கார்ன்வாலிலிருந்து வந்தவர்கள். சுரங்கத் தூசியில் ஜேபஸுக்கு நெஞ்சு கெட்டது. அடிவாரத்து ஓடைக்கு இடப்பக்கம், கணவாய் இறக்கம் முடியும் இடத்தில், வீட்டோடு சேர்த்து ஒரு சாப்பாட்டுக்கடை போட்டார்கள். மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து அவள் சுடும் பாஸ்டிக்காகவே வண்டிக்காரர்கள் பசியோடு வருவார்கள். என் பட்டறை ஓடைக்கு வலப்பக்கம்.

அந்த இறக்கம் பொல்லாதது. பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி கோவேறு கழுதைகளின் மேலேயே ஏறிவிடும். அதனால் வண்டிக்காரர்கள் உச்சியில் ஒரு கனத்த ஊசியிலை மரத்தை வெட்டி, கிளைகளோடு சங்கிலியில் கட்டி, வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு இறங்குவார்கள். கீழே வந்ததும் அவிழ்த்து எறிந்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். எறிவது லவ்டேயின் வாசலில்.

"ஏன்டா, இது வாசலா, மரக்கடையா? நான் எந்த வழியாடா வெளிய போறது?" என்று அவள் கத்துவாள்.

"விறகுதானேக்கா. சும்மா கிடைச்சா கசக்குதா?" என்பான் லெமுவேல். வண்டிக்காரர்களில் வாய் நீளமானவன்.

ஜேபஸுக்கோ ஒரே சந்தோஷம். குளிர்காலம் முழுக்க அடுப்பு அணையவே இல்லை.

ஒரு மார்ச் மாதம் மேலிருந்து பனி சரிந்து கோழிக்கூட்டை அள்ளிக்கொண்டு போனது. லவ்டே அன்றுதான் நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். நேராக என் பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணே, எங்க பக்கம் மலை மொட்டையா கெடக்கு. பனியப் பிடிச்சு வெச்சிருந்த மரத்தையெல்லாம் இந்தப் பாவிங்க என் வாசல்ல கொண்டாந்து போட்டிருக்கானுங்க. நானும் அதை அடுப்புல வெச்சு எரிச்சிருக்கேன்."

சக்கரத்துக்கு அடியில் மாட்டும் இரும்புக் கட்டை ஒன்றைச் செய்து காட்டினேன். மரம் தேவையே இல்லை, வண்டி வழுக்காமல் இறங்கும். வண்டிக்காரர்கள் அதைத் தூக்கிப் பார்த்தார்கள், தேய்ந்துபோகும் என்றார்கள், கீழே வைத்தார்கள். அவர்கள் மண்டை தேயாததுதான் ஆச்சரியம்.

மரத்தோடு வருகிறவனுக்குச் சாப்பாடு கிடையாது என்றாள் லவ்டே. உடனே பாதையின் மேல் வளைவிலேயே மரத்தைக் கழற்றிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் போல வந்து உட்கார்ந்தார்கள்.

"கையக் காட்டு," என்றாள் லெமுவேலிடம். உள்ளங்கையெல்லாம் பிசின். "எழுந்திரு."

மறுநாள் எல்லோரும் பிசின் போகப் பன்றிக் கொழுப்பால் கை தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார்கள். இவர்களை என்ன செய்வது?

வீட்டை மாற்றலாம் என்றால் ஜேபஸ் அசையவில்லை. "நான் கட்டின வீடு. மலைக்குப் பயந்து ஓடுவேனா?"

"மலைக்கு நீங்க யாருன்னே தெரியாது. வாங்க."

அவர் வரவில்லை. முதல் பனி விழுவதற்குள் அவள் இரும்பு அடுப்பான ஸ்டவ்வை என் வண்டியில் ஏற்றி, ஓடையைத் தாண்டி, என் பட்டறைக்குப் பக்கத்தில் பழைய வாசலில் கிடந்த மரங்களாலேயே ஒரு கொட்டகை போட்டாள். ஜேபஸ் காய்ந்த ரொட்டியைத் தின்று வீராப்பாகக் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு பாஸ்டி வாசனை அவரை இழுத்து வந்தது.

பிப்ரவரியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்தப் பக்கத்து மலையின் பனி முழுவதும் சரிந்து இறங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தோம். வீடு இருந்த இடத்தில் வெறும் பனி. ஜேபஸ் தொப்பியைக் கழற்றினார்.

"என் புகையிலை உள்ள இருந்துச்சு," என்றார்.

லவ்டே அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பனியே உருகியிருக்கும்.

கோடையில் பனி உருகிப் பாதை திறந்ததும் முதலில் வந்தவன் லெமுவேல். பின்னால் பெரிய மரம் ஒன்று, பச்சையாக, இழுபட்டுக்கொண்டு வந்தது.

"உனக்கு யோகம்க்கா. நேரத்துக்கு வீட்ட மாத்திட்ட," என்றான். "இனி நீ எங்களத் திட்ட முடியாது. இடப்பக்கத்துல ஒரு மரத்தக்கூடத் தொடல. எல்லாம் வலப்பக்கம் வெட்டினதுதான்."

வலப்பக்கம் என்றால் எங்கள் தலைக்கு மேல். நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். அவள் கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவளோ அவனுக்குச் சாப்பாடு போட்டாள், அவன் தின்று முடிக்கும்வரை நின்றாள், பிறகு உள்ளே அடுப்படியில் இருந்த ஜேபஸ் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இனிமே விறகு வைக்காதீங்க. ஸ்டவ் ஆறட்டும், நாளைக்குத் தூக்கணும்."