பழவேற்காட்டுப் பனியும் அடம்பிடித்த படகும்

2004, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குப் பனி. ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் குளிருக்கும் ஒரு கௌரவம் உண்டு. காதை மூடாமல் கிளம்பியவனை மூக்கொழுக வைக்காமல் அது விடாது.

நான் அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு உருக்காலையில் ஃபிட்டர். கூட வேலை பார்த்த ஜமாலின் ஊர் பழவேற்காடு. அவனுடைய அத்தா, அதாவது அப்பா, காதர் பாய் அன்று ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார், வழியனுப்ப வா என்று கூப்பிட்டிருந்தான். பூநாரையும் பார்க்கலாம், பிரியாணியும் கிடைக்கும் என்ற நல்லெண்ணத்தோடு ரயிலேறினேன். பொன்னேரியில் இறங்கி இரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. அங்கிருந்து பஸ்ஸில் பதினெட்டு கிலோமீட்டர் போல இருக்கும்.

பக்கத்து சீட்டில் காலி மீன்கூடையோடு ஒரு அம்மா. எங்கே போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

“பாய் ஊட்டுக்கா? என்னாண்ட கூட வந்தாரு நைனா. ‘மனசுல எதனா இருந்தா மன்னிச்சிடும்மா’ன்னு கைய புடிச்சிக்கினாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்பூட்ச்சு.”

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பழகிய எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்புவது வழக்கம். மனிதனுக்குச் செய்த தப்பை அந்த மனிதனே மன்னித்தால்தான் கணக்குத் தீரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஏழு மணிக்கு வீட்டை அடைந்தேன். வாசலில் பந்தல், உள்ளே உறவுக் கூட்டம். காதர் பாய் மட்டும் நாஷ்டாவைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்குச் சென்னைக்கு வேன். அதற்குள் ஏரி நடுவிலிருக்கும் தீவுக் குப்பத்துக்குப் போய் வர வேண்டுமாம். அங்கே முனுசாமி என்று ஒருவர், பாயோடு முன்பு கூட்டாக இறால் வியாபாரம் செய்தவர். எத்தனையோ வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

“ஊர்ல எல்லாராண்டயும் கேட்டாச்சு. கேக்க வேண்டிய ஆளாண்ட மட்டும் கேக்கல,” என்றான் ஜமால் என் காதில். “நேத்து பூரா போட்லயே சுத்தினாரு. அந்தப் பக்கம் மட்டும் போவல. ராத்திரி பூரா தூங்கவும் இல்ல.”

படகுத்துறைக்குப் போனோம். படகின் பின்னால் மாட்டிய சின்ன எஞ்சினின் கயிற்றைப் படகோட்டி சேகர் இழுத்தார். கொர்ரென்றது, அடங்கியது. மறுபடி இழுத்தார். அதே கொர்ர். துறையில் இருந்தவர்கள் எல்லோரும் திடீர் மெக்கானிக் ஆனார்கள். சோக்கை இழு என்றார் ஒருவர், சோக்கை விடு என்றார் இன்னொருவர். இழுத்து இழுத்து சேகருக்குப் பனியிலும் வேர்த்தது. மற்ற எஞ்சின் படகுகள் விடியுமுன்பே மீனுக்குப் போய்விட்டன. காற்று இல்லாததால் பாய்மரமும் உதவாது. கழி ஊன்றிப் போனால் போவதற்கே இரண்டு மணி நேரம். காதர் பாய் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்குப் பூநாரையும் வேண்டாம், பிரியாணியும் வேண்டாம் என்றாகிவிட்டது.

பிளக்கைக் கழற்றி மோந்து பார்த்தேன். ஒரே மண்ணெண்ணெய் வாடை. என் சொந்த ஊரான ஆர்.கே.பேட்டையில் எங்கள் கிணற்று பம்ப்செட்டும் இதே ஜாதி. பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓட விட வேண்டும். விடாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது.

“நேத்து பெட்ரோலுக்கு மாத்தித்தான நிறுத்தினீங்க?” என்றேன்.

சேகர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “எங்க சார்? கரை வந்ததும் ஜனம் பூரா பாய் கைய புடிச்சி, ‘அங்க போயி எனக்கும் வேண்டிக்க, துவா பண்ணு’ன்னு மொய்ச்சிக்கிச்சு. என் பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வரணும். நானும் கிருஷ்ணாயில்லியே ஆப் பண்ணிட்டு, குதிச்சி ஓடிட்டேன்.”

அவரை யார் திட்டுவது? தேங்கிய மண்ணெண்ணெயைத் திருகைத் தளர்த்தி வடித்தோம். டீக்கடை அடுப்பில் பிளக்கைக் காட்டி உலர்த்தினார் சேகர். சூடு ஆறுமுன் ஒரு மூடி பெட்ரோலை உள்ளே விட்டு மாட்டி இழுத்தார். ஒரு புகை. இன்னொரு இழுப்பு. படபடவென்று பிடித்துக்கொண்டது. துறையே கை தட்டியது. மணி எட்டே முக்கால்.

போகும் வழியில் தண்ணீரில் பூநாரைகள் நின்றிருந்தன. அரை மணியில் தீவை அடைந்தோம்.

முனுசாமி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேப்பங்குச்சியோடு கரையில் நின்றிருந்தார். படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் இறங்கி பாய் நேரே அவரிடம் போனார்.

“முனுசாமி, ஏலக்கடையில நாலு பேரு முன்னால உன்ன வலை திருடன்னு சொல்ட்டேன். காணாம போன அந்த வலை அப்பால என் குடோன்லியே கெடச்சுது. அன்னிக்கே வந்திருக்கணும், வெக்கம் வுடல. இன்னிக்கு ஹஜ்ஜுக்குப் போறேன். மன்னிச்சிடு.”

முனுசாமி குச்சியைத் துப்பினார். “மாட்டேன்.”

பாயின் கண்கள் கலங்கிவிட்டன.

“இன்னா பாக்கிற? இப்ப மன்னிச்சேன்னு வெய்யி, வந்த வேல முடிஞ்சிச்சின்னு நீ அங்கியே நிம்மதியா கண்ண மூடிடுவ. உன் வயசு எனக்குத் தெரியாதா? உசுரோட திரும்பி வந்து, இதே எடத்துல நின்னு கேளு. அப்ப பாத்துக்கலாம்.”

பாய் அழுதாரா சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. இருவரும் கட்டிக்கொண்டார்கள். நான் திரும்பி நின்று எஞ்சினைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

வேன் சரியான நேரத்துக்குப் போனது. மாலையில் பொன்னேரிக்குத் திரும்பும் பஸ்ஸில் எங்கள் ஊர்தான் நினைவில். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். கடைசிவரை முகம் பார்த்துப் பேசவில்லை. அவர்களுக்கும் இப்படி ஒரு பயணம் வாய்த்திருக்கலாம் என்று ஏக்கமாக இருந்தது.

காதர் பாய் நல்லபடியாகத் திரும்பினார். நான் வேலை மாறி ஓசூர் போய்விட்டேன். அந்தப் பனியும் அந்தத் துறையும் அவ்வப்போது மனதைப் பிடித்து இழுக்கும். ஒருமுறை ஜமாலிடம் போனில் கேட்டேன், முனுசாமி மன்னித்தாரா என்று.

“எங்கடா? அத்தா வாரா வாரம் போட்டு ஏறிப் போயி கேட்டுக்கினுதான் கீறாரு. அவுரு மீன் கொழம்பு ஊத்தி சோறு போட்டு, ‘அடுத்த வாரம் பாக்கலாம்’னு அனுப்பிடறாரு.”