கசப்பு மரவள்ளி

வெளியே மழை விடவில்லை. பேத்திக்காக மகள் மரவள்ளிக்கிழங்கு வேகவைக்கிறாள். அந்த வாசத்தில் எனக்குப் பசி வராது, பயம்தான் வரும்.

எழுபதுகளில், கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது; சம்பளமும் கிடையாது. அந்த வருடம் மழை நிற்கவேயில்லை. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் விஷமுள்ள கசப்பு மரவள்ளிதான் இருந்தது. நல்ல கிழங்கைக் காட்டுப்பன்றி விட்டுவைக்காது என்று அம்மா அதை நட்டிருந்தாள். ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைத்து, முதல் துண்டை அவளே தின்றாள்.

"யாரும் தொடாதீங்க. எனக்கு ஒன்னும் ஆவலன்னா அப்புறம் சாப்பிடுங்க."

நானும் தங்கையும் கிழங்கைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சாப்பிடுங்கப்பா, பாசார்ல வாங்குன நல்ல கிழங்குலா," என்கிறாள் மகள்.

ஒரு துண்டைத் தின்றுவிட்டு, தட்டுக்கு நீளும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

"கொஞ்சம் பொறும்மா."