வளைவே இல்லாத ஊரில் வளர்ந்தவள்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜூன் மாதத்தில் நடந்தது இது. நடந்த இடம் இத்தாலி. ஆனால் தப்பு ஆரம்பித்தது சவுதியில், அல் கோபாரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்.

எங்கள் ஒரே மகள் அல் கோபாரிலேயே பிறந்து, பிளஸ் டூ வரை அங்கேயே படித்தவள். பழைய ஓவியங்களைப் பழுதுபார்த்துச் சீராக்கும் படிப்பைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று என் கணவரைக் கேட்டால் என்னைக் கை காட்டுவார். இத்தாலியில் ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. நேரில் வந்து நாலு மணி நேரம் வரைந்து காட்ட வேண்டும். மதிப்பெண், சான்றிதழ் எல்லாம் அப்புறம்தான். கை நிதானமாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்களாம்.

போகிறதே போகிறோம், பத்து நாள் ஊரையும் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். தினம் ஒரு ஊரில் பெட்டியைக் கட்டி அவிழ்க்க எனக்குப் பொறுமை இல்லை. கிராமப்புறமாக ஒரு வீடு எடுத்து, அங்கிருந்து காலையில் போய் மாலையில் திரும்புவது என் திட்டம். அடுப்பு இருக்கும், ரசம் வைக்கலாம், பெண் அமைதியாகப் பயிற்சி செய்யலாம். விசாவுக்கும் ஒரே முகவரி கொடுத்தால் போதும். வரைபடத்தை அச்செடுத்து, பார்க்க நினைத்த நாலு ஊர்களும் உள்ளே வருகிற மாதிரி ஒரு டிபன் தட்டைக் கவிழ்த்து பென்சிலால் வட்டம் போட்டேன். வட்டத்தின் நடுவில் மலை மேல் ஒரு கல் வீடு கிடைத்தது. தேர்வு நடக்கிற ஊர் அங்கிருந்து எழுபது கிலோமீட்டர். முக்கால் மணி நேரம் என்று பக்கத்தில் எழுதி வைத்தேன்.

வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். ரியாத் எங்களுக்கு நானூறு கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருப்போம். ஸ்டீயரிங்கைத் திருப்புகிற வேலையே கிடையாது, தூக்கம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். அதிலும் நான், பெண்கள் கார் ஓட்டலாம் என்று அங்கே அனுமதி வந்த புதிதிலேயே லைசென்ஸ் எடுத்தவள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

கணவர் மட்டும் தயங்கித் தயங்கி, கீழே சமவெளியில் ரயில் ஸ்டேஷன் பக்கமாக ஒரு வீடு பார்க்கலாமே என்றார். ரயிலா, கையில் கார் இருக்கும்போது எதற்கு என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டேன். தேர்வுக்கு முந்தின நாள் அந்த ஊரிலேயே தங்கிவிடலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். முக்கால் மணி நேரத்துக்கு இன்னொரு அறையா என்று அதற்கும் மறுத்துவிட்டேன்.

வீடு என்னவோ அழகாகத்தான் இருந்தது. சுற்றிலும் ஆலிவ் மரங்கள், கீழே ஒரு மாட்டுப் பண்ணை, எதிரே மடிப்பு மடிப்பாக மலை. அந்த மலையைச் சுற்றித்தான் சாலையும் போனது. ஒன்றரைக் கார் அகலம். ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். முதல் நாள் அறுபது கிலோமீட்டர் போக இரண்டு மணி நேரம் ஆனது. பின் சீட்டில் மகள் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, ஒன்றும் இல்லை, தூக்கம் போதவில்லை என்றாள். இரண்டாம் நாளும் அதே பதில்தான். நானும் விமானச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்கு வண்டியை எடுத்தேன்.

தேர்வுக்கு முந்தின நாள், வழி பழகட்டும் என்று ஒத்திகையாக அந்த ஊருக்கே போனோம். வழியில் மூன்று தடவை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரம் கழித்தும் முகத்தில் ரத்தமே இல்லை. காபிக் கடையில் உட்கார்ந்து பையிலிருந்த நோட்டில் எதிரே இருந்த வாசல் வளைவை வரைந்து பார்த்தாள். கோடு கோணிக்கொண்டு போனது. நோட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

தோசைக்கல் மாதிரி தட்டையான ஊரில் வளர்ந்த பெண். லீவுக்கு வந்தாலும் திருச்சி, தஞ்சாவூர், கல்யாணம், காதுகுத்து என்று ஓடிவிடும், ஒரு ஊட்டி கொடைக்கானலுக்குக் கூட்டிப் போனதில்லை. வளைவுச் சாலை இவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது பதினெட்டு வயது வரை அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அங்கேயே ஒரு அறை எடுத்துவிடலாம் என்று கணவர் ஏழெட்டு இடங்களில் ஏறி இறங்கினார். ஊரில் ஏதோ திருவிழா, ஓர் இடத்திலும் அறை இல்லை. மருந்துக் கடையில் மாத்திரை கேட்டோம். கொடுத்தார்கள், ஆனால் தூக்கம் தூக்கமாக வரும் என்றும் சொன்னார்கள். தூங்கி வழிகிற கை எப்படி வரையும்? மறுபடி அதே வளைவுகளில் அவளை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினோம்.

சாயங்காலம் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அழ எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு இவள் தெளிவாக அந்த நாற்காலியில் உட்கார வேண்டும், அதற்கு என்ன வழி என்பதை மட்டும் யோசித்தேன். கீழே பண்ணையில் தலைப்பாகை கட்டின ஒருவர் மாடுகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். பஞ்சாப்காரர். அல் கோபாரில் கற்றுக்கொண்ட இந்தியில் என் கதையைக் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காரில் எதுக்கு பெஹன்ஜி போறீங்க? நடந்து போங்க" என்றார்.

மலையைச் சுற்றிச் சாலையில் போனால்தான் பதினாறு கிலோமீட்டராம். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய வண்டித் தடம் நேராக இறங்குகிறது, அதில் ஐந்து கிலோமீட்டர்தான். கீழே ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கிருந்து தேர்வு நடக்கிற ஊருக்கே ரயில் ஆற்றங்கரையோரமாக நேர்கோட்டில் போகும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் அப்படித்தான் போகிறாராம். என் செருப்பைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், விடிந்ததும் கிளம்புங்கள் என்றார்.

கணவரிடம் போய்ச் சொன்னேன். "நீங்க அப்பவே சொன்னீங்க. நான்தான் கேக்கல." அவர் குத்திக் காட்டவில்லை. காரை எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

வெளிச்சம் வந்ததும் நானும் மகளும் இறங்க ஆரம்பித்தோம். ஓவியங்கள் இருந்த பெரிய அட்டைப் பெட்டியைத் தலையணை உறையில் போட்டு நான் முதுகில் கட்டிக்கொண்டேன். அவள் கைக்கு எந்தச் சுமையும் கொடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ஷாப்பிங் மாலைத் தாண்டி நடந்தறியாத கால்கள் இரண்டு பேருக்கும். பாதி வழியில் ஈர மண்ணில் சறுக்கி முழங்காலில் விழுந்தேன். சுடிதார் கிழிந்தது, பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் ஓடி வந்து தூக்கினாள். தூக்கிய கையை விடவில்லை.

அப்போதுதான் கேட்டேன், முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று.

"சொல்லணும்னுதான் இருந்தேன்மா. பட் நீ ஆறு மாசமா உக்காந்து பிளான் பண்ணின. நீ டிரைவ் பண்ணும்போது அவ்ளோ ஹேப்பியா இருந்த. என்னால அது ஸ்பாயில் ஆகக் கூடாதுன்னு முழுங்கிட்டேன்."

இவளுக்காகப் போட்ட திட்டம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் திட்டம் நோகக் கூடாதே என்று இவள் இரண்டு நாள் வாந்தியை அடக்கிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டபோது நாலு ஊரும் உள்ளே வருகிறதா என்று பார்த்தேன், இவள் உடம்பை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. "மன்னிச்சிடு கண்ணு" என்றேன். "அம்மா, பிளீஸ், ட்ரெயின் போயிடும், நட" என்று சிரித்தாள்.

ரயிலுக்கு எட்டு நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். பிளாட்பாரத்தில் இருந்த குழாயில் என் முழங்காலைக் கழுவிவிட்டாள். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தை முழுசாகச் சாப்பிட்டாள். மூன்று நாளில் அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. கல்லூரி வாசலில் உள்ளே போகுமுன் வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். விரல்கள் அசையாமல் இருந்தன.

நாலு மணி நேரமும் எதிரே ஒரு படிக்கட்டில் கிழிந்த சுடிதாரோடு உட்கார்ந்திருந்தேன். நடுவில் கணவரும் காரோடு வந்து சேர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மீதி நாட்களில் வேறு எந்த ஊருக்கும் நாங்கள் போகவில்லை. தினமும் அந்தத் தடத்தில் இறங்கி, பண்ணைக்காரரோடு டீ குடித்துவிட்டு ஏறி வந்தோம்.

அவளுக்கு இடம் கிடைத்தது. இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறாள். போன மாதம் அறை மாற வேண்டும் என்று மூன்று வீடுகளின் படத்தை அனுப்பி, எது நல்லது என்று கேட்டாள். பழக்க தோஷத்தில் வரைபடத்தைத் திறந்து தூரம் பார்க்கப் போனேன். சட்டென்று மூடிவிட்டு அவளுக்கு போன் போட்டேன். "நீ மூணுக்கும் போய் நின்னு பாத்தியா? எதுல உனக்கு நல்லா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, வழக்கமாகச் செய்வது போல நானே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடாமல், அவள் சொல்லி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன், அந்த மலைத்தடத்தில் ஐந்து கிலோமீட்டர் இறங்கியதைவிட இந்தக் காத்திருப்புதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் விடாமல் பழகிக்கொண்டிருக்கிறேன்.