‘க’ வராத பெர்த்தா

பெர்த்தாவுக்கு எல்லா எழுத்தும் வரும், ‘க’ மட்டும் வராது. எழுதச் சொன்னால் முத்துமுத்தாக எழுதுவாள். வாய்திறந்து சொல்லத்தான் வராது. மற்ற எழுத்துகளில் திக்கினாலும் இழுத்துப் பிடித்து ஒருவழியாகக் கரையேறிவிடுவாள். வார்த்தையின் முதலில் ‘க’ வந்து நின்றுவிட்டால் போச்சு, தொண்டை அடைத்து, கழுத்து நரம்பு புடைத்து, எதிரே நிற்கிறவனுக்கே மூச்சு முட்டும். அப்படிப்பட்டவள் குடியிருக்கிற ஊரின் பேர் என்ன தெரியுமா? கொல்லயில். அக்காளைக் கட்டிக்கொடுத்த ஊர் குன்னத்துகால். யாரைப் போய்க் குற்றம் சொல்ல?

தனுவச்சபுரத்துக் காலேஜில் படித்த காலத்தில் சாயங்காலம் பஸ்ஸில் ஏறினதும் கண்டக்டர், “எங்கோட்டு?” என்பார். “பாறசாலை” என்பாள். பாறசாலைக்கு டிக்கெட் எடுத்து, பாதி வழியில் கொல்லயிலில் இறங்கிவிடுவாள். “கொச்சே, பாறசாலை எத்தியில்ல!” என்று கண்டக்டர் பின்னாலிருந்து கத்துவார். இவள் காது கேட்காதவள் மாதிரி விறுவிறுவென்று நடையைக் கட்டுவாள். ஒரு மாசம் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டுக்காரி ஷீனா, ஒருநாள் ஒன்றும் கேட்காமல், “ஒரு பாறசாலை, ஒரு கொல்லயில்” என்று சேர்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு படிப்பு முடிகிறவரைக்கும் அவள்தான் சொன்னாள். ‘நான் சொல்லித் தாறேன்’ என்று ஒரு வார்த்தை பேசினவளில்லை. உதவி செய்தால் இப்படிச் செய்யவேண்டும்.

பெர்த்தாவுக்கு இப்போது ஐம்பத்தாறு. படித்த காலேஜிலேயே கெமிஸ்ட்ரி லேபில் வேலை கிடைத்து, முப்பது வருசத்துக்கு மேல் ஓடிவிட்டது. இந்த மே மாசக் கடைசியில் ரிட்டயர்மென்ட். வழியனுப்புக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்கிற பிஜு சார் லேபுக்கு வந்து, “சேச்சி, கடைசியில் உங்கட மறுமொழி. ஒரு அஞ்சு மினிட்டு பேசணும்” என்றார். சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று தலையைச் சொறிந்தார். “அல்லெங்கில், எழுதித் தாங்க. நான் வாசிச்சிடலாம்.”

நல்ல மனுசன்தான். பெர்த்தா சிரித்தாள். “வே... வேண்டாம் சாரே. நானே பேசுவேன்.”

அவளுக்குப் பேச வேண்டியிருந்தது. ஒரே ஒரு பேரை, வாயால், நாலுபேர் கேட்க, அந்த ஆளும் கேட்கச் சொல்ல வேண்டியிருந்தது. இருபத்தாறு வருசமாக நெஞ்சில் கிடக்கிற பேர். கிருஷ்ணன்குட்டி. பாருங்கள், அதிலும் முன்னால் ஒரு ‘கி’, நடுவில் ஒரு ‘கு’.

கிருஷ்ணன்குட்டி அண்ணன் பெர்த்தா படித்த காலத்தில் அந்த லேபின் அட்டெண்டர். பெரிய கருணாமூர்த்தி என்று எண்ணிவிடாதீர்கள். பிப்பெட்டை உடைத்தால் அப்பனைக் கூட்டிவரச் சொல்கிற ஆள். குழாயைச் சரியாக மூடாமல் போனவனை பஸ் ஸ்டாப்வரை துரத்திப்போய்க் கூட்டிவந்து மூடவைத்தவர். பிள்ளைகளுக்கு அவரைக் கண்டாலே பேடி, அப்படியொரு பயம். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் அந்தக் காலேஜில் ரொம்பக் குறைவு.

மூன்றாம் வருசப் பிராக்டிக்கல் பரீட்சை. திருவனந்தபுரத்திலிருந்து வந்த எக்ஸாமினர் ஒவ்வொருவரிடமும் ‘உனக்குத் தந்த உப்பு என்ன?’ என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெர்த்தா சோதனையெல்லாம் செய்து, சரியாகக் கண்டுபிடித்துவிட்டுத்தான் நின்றாள். அவளுக்கு விழுந்தது கால்சியம் கார்பனேட். உலகத்தில் எத்தனையோ உப்பு இருக்க, அவளுக்கென்று ரெண்டு ‘க’ வைத்த உப்புதான் வந்து வாய்த்தது.

“என்ன உப்பு?”

“க... க... க...”

விடை தெரியாத பிள்ளை, பயத்தில் நடிக்கிறாள் என்று எக்ஸாமினர் நினைத்திருப்பார் போல. பேனாவை எடுத்துத் தாளில் கோடு இழுக்கப் போனார். டியூப் கழுவிக்கொண்டு நின்ற கிருஷ்ணன்குட்டி அண்ணன் கையைத் துடைத்தபடி வந்தார். பரீட்சை நடக்கிற இடத்தில் அட்டெண்டர் வாய் திறக்கக் கூடாது. திறந்தார்.

“ஸாரே, அவளுக்குத் தெரியாததில்ல. சொல்ல வரல்ல, அவ்வளவுதான் ஆக்கும். ஒரு சாக்பீஸ் குடுங்க.”

யாரும் கொடுக்கக் காத்திராமல் தானே போர்டுக்கடியிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸை எடுத்து அவள் கையில் வைத்தார். பெர்த்தா எழுதினாள். உப்பின் பேரை எழுதினாள், சமன்பாட்டை எழுதினாள், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் எழுதினாள். போர்டு நிறைந்து, கீழே குனிந்து ஓரத்தில் எழுதுகிற அளவுக்குப் போனபோது எக்ஸாமினரே, “மதி, மதி” என்று கைகாட்டி நிறுத்தினார்.

அன்றைக்கு மட்டும் அந்தத் துண்டு சாக்பீஸ் கிடைக்காமல் போயிருந்தால் பெர்த்தா தோற்றிருப்பாள். தோற்றால் அவளுடைய அப்பன், கடலுக்குப் போகிற மனுசன், படிப்பை நிறுத்தி வலைக்கம்பெனிக்கு அனுப்பியிருப்பார். அவள் ஆயுசெல்லாம் வாங்கின சம்பளச் சோறு அந்தச் சாக்பீஸில் பொங்கின சோறு. இதை அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள், மற்றவர்களிடம். அண்ணன் பிறகு வசவு வாங்கினார். வாங்கிவிட்டு வந்து, போர்டைத் துடைக்காமல் போனதற்கு பெர்த்தாவுக்கு ரெண்டு வசவு வைத்தார்.

அதே வருசம் மே மாசம்தான் கோயிலிலும் ஒரு காரியம் நடந்தது. மே முப்பத்தொரு நாளும் மாதாவுக்கு வணக்கமாசம். பாட்டெல்லாம் மலையாளத்துக்கு மாறிவிட்டாலும், அவர்கள் கோயிலில் பிரார்த்தனைமாலை மட்டும் கடப்புறத்துப் பெரியவர்களின் பழைய தமிழிலேயே நடந்தது. ஒருவர் புண்ணியாளன்மாரின், அதாவது செத்துச் சொர்க்கம் போன புனிதர்களின், பேரை ராகத்தோடு ஒவ்வொன்றாகச் சொல்ல, சபை முழுக்க ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொல்லும். முன்சொல்லுகிற மினிக்கு அன்றைக்குக் காய்ச்சல். பாடற்குழுவைப் பார்த்துக்கொண்ட சிலுவைதாசன், விடியக்காலம் கடலில் தண்டு வலித்துவிட்டு சாயங்காலம் ஆர்மோனியம் வாசிக்கிறவர், பின்வரிசையில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த பெர்த்தாவைப் பிடித்தார்.

“மக்கா, நீ தொடங்கு.”

“அண்ணே, எனக்குத்தான் பே... பேச...”

“பேசவா சொன்னேன்? பாடச் சொன்னேன்.”

அவர் சுருதியைப் போட்டுவிட்டார். கோயில் நிறைய ஆள். இனி ஓடவா முடியும்? பெர்த்தா கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். “கிறிஸ்துவே, கிருபையாயிரும்...”

ரெண்டு ‘கி’. ஒரே மூச்சில், ஒரு தடங்கலும் இல்லாமல் போய்விட்டது! அவளுக்கே ஆச்சரியம் தாங்காமல் கண்ணைத் திறந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். சிலுவைதாசன் ஒன்றும் நடக்காதவர் மாதிரி அடுத்த வரிக்குக் கட்டையை அழுத்தினார். பாட்டில் வருகிற ‘க’ கோயில் நடை இறங்கினதும் காணாமல் போய்விடும் என்பது வேறு விசயம். ஆனாலும் தன் தொண்டை தனக்கு ஒத்தாசை செய்யும் ஒரு இடம் உண்டு என்று தெரிந்ததே, அது போதாதா? அந்த வருசம் தொடங்கி இன்றுவரை மே மாசம் பிரார்த்தனைமாலை பெர்த்தாதான்.

இனி அந்த இருபத்தாறு வருசத்துக் கதை. கிருஷ்ணன்குட்டி அண்ணன் ரிட்டயர் ஆனபோது, அவருடைய கூட்டத்தில் நன்றி சொல்லுகிற வேலையை பெர்த்தா கெஞ்சிக் கேட்டு வாங்கினாள். மூணு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். மேடையேறி பிரின்சிப்பலுக்கு நன்றி சொன்னாள், வாத்தியார்மாருக்குச் சொன்னாள், மைக்செட்காரனுக்குச் சொன்னாள், சாயா போட்ட அம்மைக்குச் சொன்னாள். கடைசியில் “நம்முட க... க... க...”. மைக் அதை நூறு மடங்காக்கி ஹாலெல்லாம் அடித்தது. பின்பெஞ்சில் எவனோ சிரித்தான். அவன் நன்றாக இருக்கட்டும். பெர்த்தா, “எல்லாருக்கும் நன்றி” என்று சொல்லி இறங்கிவிட்டாள். சாயாக்காரம்மைக்குக்கூட பேர் சொல்லி நன்றி சொன்ன கூட்டத்தில், யாருக்காகக் கூட்டமோ அவருக்கு மட்டும் இல்லை.

அழுதுகொண்டு லேபில் உட்கார்ந்திருந்தவளைத் தேடி அண்ணன் வந்தார். கழுத்தில் விழுந்த மாலையை நியூஸ்பேப்பரில் சுருட்டி கக்கத்தில் வைத்திருந்தார்.

“மக்கா, மைக் சரியில்ல, கேட்டியா. வாறேன்” என்றார். போய்விட்டார்.

சிடுசிடு என்று இருக்கிற ஒரு மனுசன் சொன்ன அந்தப் பொய்யை பெர்த்தாவால் தாங்க முடியவில்லை. பிறகு ஓணத்துக்கு ஓணம் குன்னத்துகாலில் அவர் வீட்டுக்குப் போவாள், சோறு உண்பாள், ‘அண்ணே, அண்ணே’ என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். பேர் மட்டும் வந்ததில்லை.

கூட்டத்துக்கு முந்தினநாள் அவர் மகள் பிந்து போன் பண்ணினாள். “அக்கா, அப்பா கண்டிப்பா வாறாராம். எண்பத்தொண்ணு ஆச்சில்லியா, காது மந்தம். அண்ணேன்னு கூப்பிட்டா வேற யாரையோண்ணு இருந்துடுவாரு. பேரைச் சொல்லி உரக்கக் கூப்பிடணும், கேட்டுதா?”

கேட்டுது, நன்றாகவே கேட்டுது.

கூட்டத்தில் முன்வரிசையில் வெள்ளை வேட்டியும் தோளில் துவர்த்துத் துண்டுமாக அண்ணன் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பிந்து. கடைசி வரிசையில் சிலுவைதாசனும் பாடற்குழுவும். வணக்கமாசத்துக் கடைசி நாளானதால் கூட்டம் முடிந்து அப்படியே கோயிலுக்குப் போகிற ஏற்பாடு. பெர்த்தா மைக் முன்னால் வந்தாள். மஸ்கட்டில் இருக்கிற ஷீனாவையும் அவள் எடுத்த டிக்கெட்டையும் சொன்னாள், ஹால் சிரித்தது. சிலுவைதாசன் போட்ட சுருதியைச் சொன்னாள். திக்கித்திக்கித்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள். பிறகு பரீட்சையைச் சொல்லி, சாக்பீஸைச் சொல்லி, “அதை எனக்கு எடுத்துத் தந்தது நம்முட... க... க...”

அதே ஹால், அதே மைக், அதே ‘க’. சிலர் தலையைக் குனிந்தார்கள். பிஜு சார் பாதி எழுந்தார். முன்வரிசையில் கிருஷ்ணன்குட்டி அண்ணன் மெல்லக் கையைத் தூக்கினார். விட்டுடு என்று ஆட்டினார். பிறகு ஒரு விரலால் மைக்கைக் காட்டி, உதட்டைப் பிதுக்கி, ‘சரியில்ல’ என்று சைகை செய்தார்.

பெர்த்தாவுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

“மை... மைக்குக்கு ஒரு சீக்கும் இல்ல அண்ணே!” என்றாள். கண்ணை இறுக மூடினாள். மே மாசம் முழுக்கப் பாடின ராகம் தொண்டையிலேயே கிடந்தது. ஹால் அதிர இழுத்துப் பாடினாள்:

“கிருஷ்ணன்குட்டி அண்ணனே...”

கடைசி வரிசையிலிருந்து, யோசிக்க நேரமில்லாமல், முப்பத்தாறு வருசத்துப் பழக்கத்தில், பாடற்குழு ஒரே குரலாகச் சொன்னது: “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!”

ஹால் வெடித்துச் சிரித்தது. சிலுவைதாசன் வாயைப் பொத்திக்கொண்டார். பெர்த்தாவும் சிரித்தாள், சிரிப்போடு அழுகையும் வந்தது, நிறுத்தவில்லை. இன்னொருமுறை பாடினாள். இந்தத் தடவை கோயிலில் கால் வைக்காதவர்களும் சேர்ந்துதான் பதில் சொன்னார்கள்.

தன் பேர் காதில் விழுந்து நிமிர்ந்த அண்ணன், மகள் பக்கம் சாய்ந்தார். “என்னத்தப் பாடுகா அவ?”

பிந்து அவர் காதில் கத்தினாள். “அப்பா, உங்கள புண்ணியாளனாக்கிட்டாங்க!”

“அடப் பாவமே! நான் இன்னும் சாகல்லியே!”

அந்தச் சிரிப்பு அடங்கவே கொஞ்சநேரம் ஆயிற்று. பெர்த்தா மேடையிலிருந்து இறங்கி, தன் கழுத்து மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாள். அவர் துவர்த்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். சிடுசிடுப்பெல்லாம் எங்கே போயிற்றோ.

“மக்கா,” என்றார், “இண்ணைக்கு மைக் நல்லா இருந்துது.”