நேமாவைப் பற்றி விசாரித்து வந்த போன்

1. முதலில் டிரையல், அப்புறம் பேப்பர்

கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபவுண்டரியில் மோல்டிங் சூப்பர்வைசராக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனேன். படிப்பு எட்டாவதோடு சரி. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள். பைக்கைப் பூட்டினோமா என்று ரெண்டு தடவை போய்ப் பார்ப்பேன். அப்படிப்பட்ட நானே ஒரு பெண்ணின் பிழைப்போடு விளையாடிவிட்டேன்.

நேமா தான்சானியாவிலிருந்து வந்து, சென்னைப் பக்கம் மெட்டலர்ஜி முடித்தவள். படிப்பு விசா முடிய ஒரு மாதம்தான் இருந்தது. அனுப்பிய மெயில் எதற்கும் பதில் இல்லை என்று நேராக எங்கள் கேட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஊருக்குப் போனா அனுபவம் எங்கேன்னு கேக்கும் அண்ணா. நான் என்ன காட்டுது?" என்றாள். ஹாஸ்டல் மெஸ்ஸில் கற்ற தமிழ்.

எங்கள் பக்கம் யார் வேலை கேட்டு வந்தாலும் கான்ட்ராக்டர் பாஸ் போட்டு உள்ளே விடுவோம். கை எப்படி என்று பார்த்த பிறகுதான் ஆபீசுக்கு அனுப்புவோம். அதே மாதிரி அவளையும் விட்டேன். பாஸில் என் கையெழுத்து.

2. மணல் சூடு

அந்த வாரம் மணல் அச்சில் இரும்பு ஊற்றி வார்க்கிற பம்ப் கேசிங் எல்லாம் ப்ளோ ஹோல் என்கிற ஓட்டை விழுந்து ரிஜெக்ட் ஆகிக்கொண்டிருந்தது. நேமா அச்சு மணல் கலக்கிற மிக்சர் பக்கம் போய் ஒரு பிடி மணலை எடுத்து அமுக்கினாள். உடனே கையை உதறினாள்.

"அண்ணா, மணல் சூடு. காஞ்ச மாதிரி தெரியும். நீங்க தண்ணி ஊத்தும், ஊத்தும். தண்ணி ஆவி ஆகும், அதான் ஓட்டை."

அச்சை உடைத்த பிறகு திரும்பி வருகிற மணலை ஆறவிடாமல் போட்டுக்கொண்டிருந்தோம். ஆறவிட்டுப் போட்டோம். அடுத்த உருக்கில் ஊற்றிய கேசிங்கெல்லாம் சுத்தமாக வந்தது.

மிக்சர் ஓட்டுகிற முனுசாமி சிரித்தான். "இன்னா தலைவா, நாம எட்டு நாளா பேஜாராய்க்கினு கீறோம். இந்தம்மா வந்து கைய சுட்டுக்கினு சொல்லிடிச்சே!"

3. எச்.ஆர். மேடம்

மத்தியானம் மேடமிடம் பெருமையாகப் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, இன்னா வேலை பண்ணிக்கீறீங்க? அது ஸ்டூடண்ட் விசா. அதுல வேலை செஞ்சா தப்பு. திரும்ப இந்த நாட்டுக்கே வர முடியாத மாதிரி ஆயிடும்."

"அப்போ வேலை விசா போட்டுக் குடுங்க மேடம்."

"வெளிநாட்டு ஆளுக்கு இவ்ளோ சம்பளம் குடுக்கணும்னு கவர்மெண்ட் ரூல் கீது. அது நம்ம மேனேஜர் சம்பளத்தையே தாண்டுது. யார் குடுப்பாங்க? மொதல்ல அந்தப் பொண்ண வெளிய அனுப்புங்க."

எனக்கு மெமோ வந்தது. நேமாவுக்கு வேலை பார்த்ததாக ஒரு லெட்டர்கூடத் தர முடியாது என்றார்கள். கேட்டில் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "உங்க நம்பர் குடுங்க அண்ணா" என்று மட்டும் கேட்டாள்.

4. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ்

ஊருக்குப் போன பிறகு சில மாதம் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. ஒருநாள், "அண்ணா, உங்க நம்பர் குடுத்தேன். இங்க ஒரு ஃபவுண்டரி மேனேஜர் உங்களுக்குப் போன் பண்ணுவார்" என்று மெசேஜ் வந்தது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. எனக்கு இங்கிலீஷ் வராது. உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கெடுதல் வருமோ, பொய் சொன்னால் மாட்டிக்கொள்வேனோ?

மறுநாள் ஷிஃப்டில் இருக்கும்போது போன் வந்தது. முனுசாமி, "எடு தலைவா, கடிச்சா துன்னுட போறான்?" என்றான்.

எவ்வளவு நாள் வேலை செய்தாள் என்று அவர் கேட்டது புரிந்தது.

"ஹாஃப் டே சார். நோ சாலரி. விசா மிஸ்டேக். மை மிஸ்டேக் சார், நாட் ஹெர் மிஸ்டேக்."

அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் பயத்தில் மணல் கதையையும் சொல்லிவிட்டேன். "சேண்ட் ஹாட் சார். எய்ட் டேஸ் வீ நாட் நோ. ஷீ டச், ஷீ நோ."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. லைன் கட்டாகிவிட்டது.

மூன்றாம் நாள் நேமாவின் மெசேஜ்: "திங்கட்கிழமை ஜாயினிங் அண்ணா. சேண்ட் பிளான்ட். மணல் வேலைதான்."

சூப்பர்வைசராக வரப்போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வெளிநாட்டுப் பிள்ளை வேலை கேட்டு வந்தால், இரக்கப்பட்டு உள்ளே விடுவதற்கு முன்னால் அது எந்த விசாவில் இருக்கிறது என்று ஆபீசில் கேளுங்கள். படித்துக்கொண்டிருக்கிற பிள்ளையாக இருந்தால் காலேஜ் வழியாகவே பயிற்சிக்கு வரச் சொல்லுங்கள். படிப்பு முடிந்த பிறகு அவர்களுக்கு நாள் கம்மி. நாம் செய்கிற தப்பைச் சுமப்பது அவர்கள்தான்.